தொட்டியைத் தொட்டதெல்லாம் எடை

டிஸ்டிலரியில் ஷிஃப்ட் மாறும் நேரம். ஒருவர் ஏணியில் ஏறி, தொட்டியின் மூடியைத் திறந்து, அளவுக் கம்பியை உள்ளே விட்டு எடுக்கிறார். ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று கீழே நிற்பவரிடம் கத்திச் சொல்கிறார். அந்தக் கம்பிக்குத் தெரிந்தது உயரம் மட்டும்தான். உயரத்தைக் கொள்ளளவாக்க ஓர் அட்டவணை வேண்டும். கொள்ளளவைச் சரக்காக்க வெப்பநிலையும் அடர்த்தியும் வேண்டும். நடுவில் எங்காவது சறுக்கினால் மாதக் கடைசியில் தானியக் கணக்கும் ஸ்பிரிட் கணக்கும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்.

96 சதவீத ஸ்பிரிட் 20 டிகிரியில் 10,000 லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் அது 35 டிகிரிக்கு ஏறினால் கிட்டத்தட்ட 160 லிட்டர் கூடிவிடும். யாரும் ஊற்றவில்லை. குளிர்ந்ததும் அந்த 160 லிட்டர் மறைந்துவிடும். யாரும் திருடவும் இல்லை. எடை இரண்டு வேளையும் ஏறத்தாழ 8,070 கிலோதான். மாவுக்கரைசல் தொட்டியில் தொல்லை வேறு மாதிரி. அங்கே நுரை கட்டும். மேலிருந்து பார்க்கும் லெவல் கருவி நுரையையும் கரைசல் என்று நம்பிவிடும். நுரை எவ்வளவு பொங்கினாலும் எடை அசையாது.

அதனால்தான் தொட்டியின் கால்களுக்கு அடியில் லோட் செல் வைக்கிறோம். வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். லோட் செல்லுக்குத் தொட்டி எது, குழாய் எது, ஏணி எது என்று தெரியாது. தொட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் சேர்த்தே அது நிறுக்கும். நான் பார்த்தவரை, செல் கெட்டுப்போய் எடை தவறிய இடங்கள் குறைவு. எதுவோ தொட்டியைத் தாங்கிக்கொண்டோ அழுத்திக்கொண்டோ இருந்ததால் எடை தவறிய இடங்களே அதிகம்.

எல்லாத் தொட்டிக்கும் இது தேவையில்லை. பெரிய ஆலைகளில் ஃபெர்மென்டர் ஒவ்வொன்றும் பல நூறு கிலோலிட்டர் கொள்ளும். அதைச் செல் மேல் நிறுத்துவது வீண்செலவு, அங்கே லெவல் டிரான்ஸ்மிட்டர் போதும். தானிய ஹாப்பர், மாவுக்கரைசல் தொட்டி, என்சைம் தொட்டி, ஸ்பிரிட் ரிசீவர், சிறிய ஆலையின் ஃபெர்மென்டர் ஆகியவற்றுக்குச் செலவழித்தால் பலன் உண்டு.

கிலோவுக்கு ஒரு மைக்ரோவோல்ட்

லோட் செல் என்பது ஓர் எஃகுத் துண்டு. பாரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும் அல்லது அமுங்கும். அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோக இழைப் பட்டை, அதாவது ஸ்ட்ரெயின் கேஜ், கூடவே நீளும், சுருங்கும். அப்போது அதன் மின்தடை மாறும். 1938-ல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர், ஒருவரைப் பற்றி மற்றவர் அறியாமலே, இந்த ஒட்டுப் பட்டையைக் கண்டுபிடித்தார்கள். இன்றைய செல்லிலும் அடிப்படை அதுதான். நான்கு பட்டைகளை வீட்ஸ்டன் பாலமாக இணைத்து, 10 வோல்ட் கொடுத்து, மறுபக்கம் வரும் சிறு மின்னழுத்தத்தைப் படிக்கிறோம்.

சிறு மின்னழுத்தம் என்றால் எவ்வளவு சிறிது? செல்லின் பெயர்ப்பலகையில் ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் என்று போட்டிருக்கும். 10 வோல்ட் கொடுத்தால் முழுப் பாரத்தில் 20 மில்லிவோல்ட் வரும். 5 டன் செல் நான்கை இணைத்தால் மொத்தம் 20 டன்னுக்கு 20 மில்லிவோல்ட். அதாவது டன்னுக்கு ஒரு மில்லிவோல்ட், கிலோவுக்கு ஒரு மைக்ரோவோல்ட். செல்களின் கம்பிகள் சேரும் ஜங்ஷன் பாக்ஸுக்குள் வியர்க்கிற ஒரு துளி ஈரம் எத்தனை கிலோவைத் தின்னும் என்று இந்தக் கணக்கிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

செல்லின் அளவைத் தேர்ந்தெடுப்போம். தொட்டியும் அஜிடேட்டரும் மோட்டாரும் சேர்ந்து 2.5 டன், நிறைந்தால் கரைசல் 10 டன், கால்கள் நான்கு என்று கொள்ளுங்கள். 12.5-ஐ நான்கால் வகுத்தால் 3.1 டன் சொச்சம். ஆனால் நான்கு கால் நாற்காலி சமமில்லாத தரையில் எப்படி ஆடுமோ அப்படித்தான் நான்கு கால் தொட்டியும். எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்களே பெரும்பாரத்தைச் சுமக்க நேரலாம். அதனால் 5 டன் செல் வாங்க வேண்டும். பயந்துபோய் 20 டன் செல் வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. செல் உடையாது, உண்மைதான். ஆனால் சிக்னல் கால்வாசியாகிவிடும். பிறகு எண் நிலைக்கவில்லை என்று எடை காட்டும் இண்டிகேட்டரைத் திட்டுவார்கள். புதிதாகத் தொட்டி செய்யச் சொல்லும் வாய்ப்பு உங்கள் கையில் இருந்தால் மூன்று கால் கேளுங்கள். நான்கு கால் நாற்காலி ஆடும், மூன்று கல் அடுப்பு ஆடாது.

நிறுத்துவது

செல் உட்காரும் தளம் விறைப்பாக இருக்க வேண்டும். தொட்டி நிறைய நிறைய ஐ-பீம் தொய்ந்தால் செல் சாய்ந்து நிற்கும். சாய்ந்த செல் பக்கவாட்டு விசையையும் சேர்த்துப் படிக்கும். ரசமட்டத்தை வைத்து ஒவ்வொரு தளத்தையும் இரண்டு திசையிலும் பாருங்கள். கால்களுக்கிடையே பாரம் சமமாகப் பிரியவில்லை என்றால் குறைவாகச் சுமக்கும் காலுக்கு அடியில் ஷிம் தகடு வைக்க வேண்டும். ஒவ்வொரு செல்லின் மில்லிவோல்ட்டையும் தனித்தனியே அளந்தால் எந்தக் கால் சோம்பேறி என்று உடனே தெரியும்.

செல்லை வைத்துவிட்டு அதன் மேல் வெல்டிங் செய்யவே கூடாது. வெல்டிங் மின்னோட்டம் பூமிக்கு வழி தேடிச் செல் வழியாகப் பாய்ந்தால் ஒரே நொடியில் செல் போய்விடும். நான்கு செல்லையும் ஒரே மதியத்தில் பறிகொடுத்த இடம் ஒன்று எனக்குத் தெரியும். பிளாட்பாரத்துக்குக் கைப்பிடி ஒட்டினார்கள், அவ்வளவுதான். கட்டுமானம் முடியும் வரை அதே உயரத்தில் இரும்புக் கட்டையை வைத்திருங்கள். எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகு ஜாக்கியால் தூக்கிக் கட்டையை எடுத்துவிட்டுச் செல்லை நுழைத்துவிடுங்கள். பின்னால் எப்போதாவது வெல்டிங் தவிர்க்க முடியாததானால், எர்த் கேபிளை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே தொட்டியின் மேல் கவ்வவிடுங்கள். ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கடந்து, தொட்டியின் காலையும் அடித்தளத்தையும் இணைக்கும் பின்னல் செம்புப் பட்டை ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். இடி இறங்கினாலும் அது உதவும்.

திறந்தவெளியில் நிற்கும் தொட்டி, காலியாக இருக்கும்போது காற்றில் தூக்கிக் கவிழாதபடி தடுப்பு போல்ட் வேண்டும். அந்த போல்ட்டின் நட்டை இறுக்கிவிடாதீர்கள், சிறு இடைவெளி விட வேண்டும். இறுக்கிய நட்டு தொட்டியைக் கீழே இழுத்துப் பிடித்து எடையைக் கூட்டும். தொட்டி மூடி தட்டையாக இருந்தால் மழையும் எடைதான். 3 மீட்டர் விட்டமுள்ள மூடியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 70 கிலோ.

குழாய்கள்

ஒரு ஆலையில் இளம் ஃபிட்டர் ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணே, உள்ள ஒண்ணுமே போகல. ஜாக்கெட்டுக்கு நீராவி திறந்தாலே 200 கிலோ ஏறுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். போய்ப் பார்த்தோம். நீராவிக் குழாய் மேலே பீமில் இறுகக் கவ்வப்பட்டு, 2 மீட்டர் செங்குத்தாக இறங்கித் தொட்டியில் சேர்ந்திருந்தது. எஃகு மீட்டருக்கு, டிகிரிக்கு 12 மைக்ரோமீட்டர் நீளும். 80 டிகிரி சூடேறினால் 2 மீட்டர் குழாய் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நீளும். லோட் செல் முழுப் பாரத்திலும் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் அமுங்கும். மேலே போக வழியில்லாத குழாய் தொட்டியின் தலையில் கைவைத்து அழுத்திக்கொண்டிருந்தது. பேய் அதுதான்.

தொட்டி அரை மில்லிமீட்டர் இறங்க விடாமல் குழாய் எவ்வளவு பலமாகப் பிடித்துக்கொள்ளும் என்பது, கிடைமட்டக் குழாயில், அதன் நீளத்தைப் பொறுத்தது. 80 மில்லிமீட்டர் ஷெட்யூல் 40 எஃகுக் குழாய், இரண்டு முனையும் இறுகப் பிடித்திருக்கிறது, நீளம் ஒரு மீட்டர் என்று கொண்டால் ஏறக்குறைய 150 கிலோவைத் தானே தாங்கிக்கொள்ளும். நீளம் 2 மீட்டரானால் 19 கிலோ. 3 மீட்டரானால் 6 கிலோகூட இல்லை. நீளம் இரட்டித்தால் விசை எட்டில் ஒன்றாகிறது. ஆகவே குழாயின் முதல் தாங்கியைத் தொட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். தடித்த சுவருள்ள குழாயைவிட மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய் நல்லது.

குழாயின் இந்தப் பிடிப்பு எப்போதும் ஒரே அளவாக இருந்தால் அளவுத்திருத்தம் அதை விழுங்கிவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். பாதி உண்மை. குளிர்ந்த குழாய்க்கு அது சரி. சூடேறி ஆறும் குழாயின் பிடிப்பு ஒரே அளவாக நிற்பதில்லை.

ரப்பர் ஹோஸ் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பதும் பொய். நேராக, இழுத்துக் கட்டிய ஹோஸுக்கும் குழாய்க்கும் பெரிய வித்தியாசமில்லை. கிடைமட்டமாக, சற்றே தளர்வாக விட வேண்டும். பெல்லோஸைச் செங்குத்தாகப் போடுவது இன்னொரு பொறி. 100 மில்லிமீட்டர் பெல்லோஸுக்குள் ஒரு பார் அழுத்தம் வந்தால் 80 கிலோ விசை தொட்டியைக் கீழே தள்ளும். பம்ப் ஓடும்போது எடை கூடி, நின்றதும் குறைந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

குழாய் மட்டுமல்ல. தொட்டியில் சாய்த்து வைத்த ஏணி, கட்டடத் தூணுக்கும் தொட்டிப் பிளாட்பாரத்துக்கும் பொதுவாக ஓடும் கைப்பிடி, கேபிள் டிரே, கால்களைச் சுற்றிக் காய்ந்து இறுகிய மாவுக்கரைசல் எல்லாமே திருடர்கள்தான். ஒரு தாளை எடுத்துத் தொட்டியைச் சுற்றி நடந்து வாருங்கள். தொட்டியையும் தரையையும் அல்லது சுவரையும் இணைக்கும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பட்டியலில் செல், கேபிள், ஹோஸ், நீளம் விட்ட குழாய், செம்புப் பட்டை, இடைவெளி விட்ட தடுப்பு போல்ட் தவிர வேறு எதுவும் மிஞ்சக் கூடாது.

தானிய ஹாப்பர்

வாயிலில் லாரி ஏறும் எடைமேடை வாங்கும் கணக்குக்கு. அதற்குச் சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை ஆண்டுதோறும் வேண்டும். ஆலைக்குள் இருக்கும் ஹாப்பர், அரவைக்குப் போனது எவ்வளவு என்று சொல்வதற்கு. இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்காத ஆலையில் சைலோவுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு தடவைக்கு 1,000 கிலோ மக்காச்சோளம் என்று செட் செய்தால், 1,000 காட்டியதும் கேட் மூடினாலும் நடுவானில் விழுந்துகொண்டிருக்கும் தானியம் வந்து சேரும். அதைக் கழித்து 985-லோ 990-லோ கேட்டை மூடச் சொல்ல வேண்டும். எவ்வளவு என்பதைப் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். கடைசி 50 கிலோவுக்குக் கேட்டைப் பாதி மூடி மெதுவாக விட்டால் மிச்சம் ஒழுங்காகும். நொய்யரிசி ஓடும் வேகமும் மக்காச்சோளம் ஓடும் வேகமும் வேறு. தானியம் மாறினால் இந்த எண்ணையும் மாற்றுங்கள்.

மேலே ஸ்க்ரூ கன்வேயரிலிருந்து ஹாப்பருக்கு வரும் கான்வாஸ் உறையைத் தொளதொளவென்று விடுங்கள். தூசிப் பை அடைத்துக்கொண்டால் உள்ளே காற்றழுத்தம் சேரும். 600 மில்லிமீட்டர் உறையில் 100 மில்லிமீட்டர் நீரழுத்தம் சேர்ந்தால்கூட 28 கிலோ தவறு வரும். தானியத் தூசி காற்றில் கலந்தால் வெடிக்கும் என்பதால், பையை ஒழுங்காகச் சுத்தம் செய்வதற்கு எடையைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது.

எடை சரியாக இருந்தாலும் ஈரப்பதம் ஏமாற்றும். 14 சதவீத ஈரமுள்ள ஒரு டன் மக்காச்சோளத்தில் உலர்பொருள் 860 கிலோ. 18 சதவீதமானால் 820. காணாமல் போன 40 கிலோ தண்ணீராக உங்களிடம்தான் இருக்கிறது, தானிய விலையில் வாங்கியது! ஒரு கிலோ மாவுச்சத்திலிருந்து கோட்பாட்டின்படி 0.72 லிட்டர் தூய ஆல்கஹால் வரும். 62 சதவீத மாவுச்சத்துள்ள ஒரு டன்னுக்கு 446 லிட்டர். நடைமுறையில் கைக்கு வருவது 380-ஐ ஒட்டியே இருக்கும். மேலே சொன்ன நான்கு சதவீத ஈரம் அதில் 18 லிட்டரைத் தின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் எடையோடு ஈரப்பதத்தையும் எழுதாத பதிவேடு, ஸ்பிரிட் ஏன் குறைந்தது என்ற கேள்வி வரும்போது கைகொடுக்காது.

ஃபெர்மென்டர் மெலியும்போது

சிறிய ஆலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. என்னைக் கேட்டால், லோட் செல்லால் கிடைக்கும் மிக அழகான தகவல் இதுதான். ஈஸ்ட் ஒரு கிலோ குளுக்கோஸைத் தின்றால் 511 கிராம் ஆல்கஹாலும் 489 கிராம் கரியமில வாயுவும் தரும். ஆல்கஹால் உள்ளே தங்கும், வாயு வெளியே போகும். அதனால் ஃபெர்மென்டர் மணிக்கு மணி எடை இழந்துகொண்டே இருக்கும். இழந்த எடையை 1.045-ஆல் பெருக்கினால் உள்ளே உருவான ஆல்கஹாலின் எடை.

8,000 கிலோ மாஷ் ஊற்றிய தொட்டி 600 கிலோ இழந்திருக்கிறது என்றால் உள்ளே ஏறத்தாழ 627 கிலோ ஆல்கஹால், சுமார் 794 லிட்டர். இது ரசீது எழுதும் துல்லியமல்ல. வாயுவோடு கொஞ்சம் நீராவியும் ஆல்கஹாலும் போகும், சர்க்கரையில் ஒரு பங்கு ஈஸ்டின் வளர்ச்சிக்கும் கிளிசராலுக்கும் போகும். ஆனால் எடைக்கோட்டின் வடிவம் பொய் சொல்லாது. முதல் சில மணி நேரம் தட்டையாக இருந்து, பிறகு சரிந்து, கடைசியில் மறுபடி தட்டையாகும். சரிவு நடுவழியில் நின்றுபோனால், சாம்பிள் எடுத்து ஹைட்ரோமீட்டர் மிதக்கவிடும் நேரத்துக்கு முன்பே உங்களுக்குச் செய்தி வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. தொட்டியின் காலடியிலும் பள்ளத்திலும் தேங்கும். செல்லைப் பார்க்கிறேன் என்று தனியாகக் குனிந்து உள்ளே போகாதீர்கள். காற்றோட்டம் விட்டு, வாயு அளவி ஆபத்தில்லை என்று காட்டிய பிறகு, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டுப் போங்கள்.

ஸ்பிரிட் அறையில்

எத்தனாலின் தீப்பற்று நிலை சுமார் 13 டிகிரி. நம் ஊரில் குளிர்காலத்திலும் அதைத் தாண்டியே இருப்போம். காற்றில் அதன் ஆவி 3.3 முதல் 19 சதவீதம் வரை இருந்தால் பொறி ஒன்று போதும். ஆகவே இங்கே சாதாரணச் செல்லையும் இண்டிகேட்டரையும் கொண்டுவந்து மாட்டக் கூடாது. அபாயப் பகுதிக்குச் சான்று பெற்ற செல், பாதுகாப்பான பகுதியில் ஜீனர் பேரியர் (அபாயப் பகுதிக்குள் போகும் மின்சக்தியை மட்டுப்படுத்தும் தடுப்பு), அதற்கப்பால் இண்டிகேட்டர். பேரியர் மின்தடையைக் கூட்டிக் கொஞ்சம் மின்னழுத்தத்தைச் சாப்பிடும். ஆறு கம்பி இணைப்புக் கொடுத்தால் இண்டிகேட்டர் அந்த இழப்பைத் தானே கண்டு சரிசெய்துகொள்ளும்.

கலால் கணக்கு இன்னும் லிட்டரிலும் வலிமையிலும்தான் எழுதப்படுகிறது. 1816-ல் பிரிட்டன் சட்டமாக்கிய சைக்ஸ் ஹைட்ரோமீட்டர் இந்தியக் கிடங்குகளிலும் நெடுங்காலம் ஆண்டது. அந்த வழக்கம் எளிதில் போகாது. உங்கள் லோட் செல் அதிகாரியின் அளவுக்கு மாற்று அல்ல, உங்கள் சொந்தச் சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுத்திருத்தம்

செல்லோடு வந்த சான்றிதழில் உள்ள மில்லிவோல்ட்டை இண்டிகேட்டரில் தட்டிவிட்டுக் கிளம்பும் பழக்கம் பெருகிவிட்டது. குழாயின் பிடிப்பு சான்றிதழில் இருக்காது. இன்னொன்றும் இருக்காது. ஜெர்மனியில் புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 9.81, சென்னையில் 9.78. அங்கே கிலோவில் திருத்திய கருவியை அப்படியே இங்கே வைத்தால் 10 டன்னுக்கு 30 கிலோ குறைத்துக் காட்டும்.

முறை இதுதான். முதலில் ஒரே 20 கிலோ எடைக்கல்லை ஒவ்வொரு காலுக்கும் நேர் மேலே வைத்துப் பாருங்கள். எண் மாறினால் ஜங்ஷன் பாக்ஸில் அந்தச் செல்லைத் திருத்துங்கள். பிறகு 20 கிலோ கல் 25-ஐத் தொட்டியில் தொங்கவிட்டு 500 கிலோவைக் குறியுங்கள். கல்லை இறக்கி, அதே எண் வரும் வரை தண்ணீர் விடுங்கள். மறுபடி கல்லை ஏற்றுங்கள், 1,000 ஆயிற்று. இப்படியே மேலே வரை போங்கள். இறங்கும்போதும் அதே படிகளில் எழுதுங்கள். ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றும் காட்டினால் எதுவோ உரசுகிறது. மீட்டர் வழியாகத் தண்ணீர் விட்டுத் திருத்துவதானால், 30 டிகிரித் தண்ணீர் 1,000 லிட்டருக்கு 995.7 கிலோதான் என்பதை மறக்காதீர்கள். அஜிடேட்டரை ஓடவிட்டும் நிறுத்தியும் பாருங்கள். இண்டிகேட்டரில் எண்ணின் ஆட்டத்தை அடக்கும் ஃபில்டரை ஒன்றிரண்டு நொடிக்கு மேல் வைத்தால் எண் அமைதியாக நிற்கும், ஹாப்பர் கேட் மட்டும் தாமதமாக மூடும்.

எண் தவறினால்

குழாயையும் ஏணியையும் பார்த்தாயிற்று, இன்னும் தவறு என்றால் ஜங்ஷன் பாக்ஸைத் திறங்கள். ஈரம் இருக்கிறதா, கிளேண்ட் தளர்ந்திருக்கிறதா, எலி கேபிளைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். தானியம் இருக்கும் இடத்தில் எலி இல்லாமல் இராது. கேபிளை இரும்புக் குழாய்க்குள் விடுவது ஆடம்பரம் அல்ல.

பிறகு ஒவ்வொரு செல்லையும் கழற்றி மல்டிமீட்டரால் அளக்கலாம். மின்சாரம் கொடுக்கும் கம்பிகளுக்கிடையே பெரும்பாலான செல்களில் 380 முதல் 410 ஓம், சிக்னல் கம்பிகளுக்கிடையே 350 ஓம் வரும். பாரம் இல்லாத செல் 10 வோல்ட்டில் 0.2 மில்லிவோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிவோல்ட் காட்டினால் அது எப்போதோ அதிகப் பாரத்தில் வளைந்துவிட்டது, திருத்திப் பயனில்லை. கம்பிக்கும் செல் உடலுக்கும் இடையே இன்சுலேஷன் பார்க்க 50 வோல்ட் சோதனைக் கருவி போதும். மோட்டாருக்கு வைத்திருக்கும் 500 வோல்ட் மெக்கரை இதில் வைத்தால், அதுவரை நன்றாக இருந்த செல்லும் அந்த நொடியில் போய்விடும்.

புதுச் செல் மாட்டியதும் மூலைச் சோதனையை மறுபடி செய்து, நான்கு செல்லின் காலி மில்லிவோல்ட்டையும் தேதியோடு எழுதி ஜங்ஷன் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை திறப்பவர் அந்த எண்களிலிருந்துதான் தொடங்குவார்.